முக்கொம்பின் படங்கள் எங்கே இருக்கின்றன?

முக்கொம்புக்கு மேலே, 786 கிலோமீட்டர் உயரத்தில், ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்களில் ஏதோ ஒன்று ஏறத்தாழ ஐந்து நாளைக்கு ஒருமுறை கடந்து போகிறது. வருவது எப்போதும் முற்பகலில்தான். பத்தரை மணிக்கும் பதினோரு மணிக்கும் இடைப்பட்ட நேரம். ஒரே வீச்சில் 290 கிலோமீட்டர் அகலத்துக்குத் தரையைப் படமெடுத்துக்கொண்டே தெற்கு நோக்கிப் போய்விடும். அந்தப் படத்தில் எலமனூருக்கும் வாத்தலைக்கும் நடுவே ஆறு இரண்டாகப் பிரிவது துல்லியமாகத் தெரியும். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கம் தீவு, கிழக்கே போகப்போகக் கல்லணை. ஆண்டின் பெரும்பகுதி கொள்ளிடம் வெளுத்த மணல் பட்டையாகக் கிடக்கும். மேட்டூர் நிரம்பி உபரி நீர் இறங்கி வந்து, முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகளைத் தூக்கிவிட்டால், அதே பட்டை அடுத்த படத்தில் கறுத்திருக்கும்.

இந்தப் படங்களை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். எடுத்து வைத்துக்கொள்ளவும் தடையில்லை. ஆனாலும் திருச்சியில் இவற்றை வரிசையாகச் சேர்த்துத் தம் கையில் வைத்திருப்பவர் எத்தனை பேர் இருப்பார்கள்? பெரும்பாலும் நம்மிடம் இருப்பது ஓர் இணைப்பு, அதாவது இன்னொருவர் கணினியில் உள்ள கோப்பின் முகவரி. முகவரி கையில் இருப்பதும் படம் கையில் இருப்பதும் வெவ்வேறு. இந்தக் கட்டுரை அந்த வேறுபாட்டைப் பற்றியது. அதைச் சரிசெய்ய இன்று கிடைக்கும் ஒரு சிறிய கருவியைப் பற்றியதும்கூட.

முக்கொம்பை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. கொள்ளிடத்தின் படுகை காவிரியைவிடத் தாழ்ந்தது. விட்டால் தண்ணீர் எல்லாம் வடக்கே ஓடிவிடும், தஞ்சைக்குப் போகும் காவிரி மணல்மேடிட்டுப் போகும். அதைத் தடுக்கத்தான் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். 1836இல் வேலை முடிந்தது. 182 ஆண்டுகள் கழித்து, 2018 ஆகஸ்ட் 22ஆம் தேதி இரவு, அந்தக் கொள்ளிடம் அணையின் ஒன்பது மதகுகள் இடிந்து ஆற்றோடு போயின. அந்த மாதம் மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட்டிருந்தார்கள். சில நாள் முன்புதான் திருவானைக்காவல் பக்கம் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலமும் தூண் சரிந்து விழுந்திருந்தது. மதகு போன இடத்தில் பாறாங்கல்லும் மணல் மூட்டையும் போட்டு நீரைத் தடுத்தார்கள். பிறகு 387 கோடி ரூபாய் மதிப்பில் புதிய கதவணை திட்டமிட்டுக் கட்டப்பட்டது.

அந்த வாரங்களில் அமெரிக்காவின் லேண்ட்சாட்-8, ஐரோப்பாவின் சென்டினல்-2ஏ, 2பி மூன்றும் சுற்றிக்கொண்டிருந்தன. உடைப்புக்கு முன்பு ஆறு எந்தக் கரையை ஒட்டி ஓடியது, மணல் திட்டுகள் எங்கே இருந்தன, வெள்ளம் எத்தனை நாள் கொள்ளிடத்தில் நின்றது, தற்காலிகத் தடுப்பு எப்போது எழும்பியது, புதிய கட்டுமானம் எப்படி வளர்ந்தது என்பதெல்லாம் மேகம் மறைக்காத நாள்களில் பதிவாகியிருக்கின்றன. பத்து மீட்டருக்கு ஒரு பிக்சல் என்னும் அளவில் ஒற்றை மதகைப் பிரித்துப் பார்ப்பது கடினம். ஆற்றின் போக்கையும் மணலின் நகர்வையும் பார்க்க அந்த அளவு தாராளம். அணையைப் பற்றிய எந்த விவாதத்துக்கும் இவை முதல்தரச் சான்று.

சரி, 2018இல் யாரோ ஓர் ஆசிரியர் அந்த லேண்ட்சாட் படங்களின் முகவரிகளை ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். இன்று அவற்றைத் திறந்தால் ஒன்றும் வராது. லேண்ட்சாட் தரவை அமெரிக்க நிலவியல் ஆய்வகம் அப்போது ‘கலெக்‌ஷன் 1’ என்ற தொகுப்பாக வழங்கிவந்தது. 2020 டிசம்பரில் மேம்படுத்தப்பட்ட ‘கலெக்‌ஷன் 2’ வெளியானது. பழைய தொகுப்பை 2022 டிசம்பர் 30ஓடு எடுத்துவிட்டார்கள். அதே காட்சி புதிய தொகுப்பில் இருக்கிறது, ஆனால் வேறு பெயரில், வேறு முகவரியில், திருத்திய அளவீடுகளோடு. பழைய கோப்பில் பார்த்த எண்களைச் சரிபார்க்க வேண்டுமென்றால் பழைய கோப்பே இல்லை. சென்டினல் பக்கமும் இதே கதைதான். உலகெங்கும் ஆயிரக்கணக்கான நிரல்கள் நம்பியிருந்த கோப்பர்நிக்கஸ் திறந்த அணுகல் தளம் 2023 அக்டோபர் இறுதியோடு மூடப்பட்டு, வேறொரு தளம் அதன் இடத்தைப் பிடித்தது.

இவை இரண்டும் ஒழுங்காக முன்னறிவிப்புச் சொல்லிச் செய்த மாற்றங்கள். அறிவிப்பில்லாமல் போனவையும் உண்டு. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1858இல் ஸ்ரீரங்கத்தையும் திருச்சியையும் பெரிய மெழுகுத்தாள் நெகட்டிவ்களில் படமெடுத்தார். அவர் படங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. இணையத்திலும் பார்க்கக் கிடைத்தன. 2023 அக்டோபர் 28 அன்று அந்த நூலகத்தின் கணினிகள் தாக்குதலுக்கு உள்ளாகி, இணையச் சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. தாளில் இருந்த படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. முகவரியை மட்டும் நம்பியிருந்தவர்களுக்குப் படம் இல்லாமல் போனது. பயணம் போனவர்கள் தாங்கள் எடுத்த படங்களை ஊர்ப்பெயரோடு வரைபடத்தில் பொருத்தி வைத்த பனோராமியோ தளத்தைக் கூகுள் 2016 நவம்பரில் மூடியது. எத்தனை ஊர்களின் ஆற்றங்கரைகள் அதில் இருந்தனவோ. இணைப்புகளைச் சேர்த்து வைப்பதை ஆவணப்படுத்தல் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. அது ஆவணத்துக்கு முந்தைய குறிப்பு, அவ்வளவே.

படத்தை நாமே கொண்டுவந்து வைக்க வேண்டும். கையால் செய்தால் ஒவ்வொரு முறையும் தளத்தில் நுழைந்து, தேதி தேடி, பெரிய கோப்பை இறக்கி, வெட்டி, பெயரிட்டு வைக்க வேண்டும். இரண்டு மாதம் செய்வோம், மூன்றாவது மாதம் விட்டுவிடுவோம். தன் பாட்டுக்கு நடக்கவேண்டிய வேலை இது. அதற்கு முன்பெல்லாம் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து இரவும் பகலும் ஓட விடவேண்டியிருந்தது. ஐந்து நாளைக்கு ஒருமுறை அரை நிமிட வேலைக்கு மாதம் முழுக்க வாடகை. மழைக்காலத்தில் சில இரவுகள் மட்டுமே திறக்கும் மதகுக்கு ஆண்டு முழுதும் இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் நிறுத்திச் சம்பளம் கொடுப்பது போன்றது அது.

2014 நவம்பரில் அமேசான் அறிவித்த ‘லாம்டா’ இந்தக் கணக்கை மாற்றியது. நீங்கள் ஒரு சிறிய நிரலை மட்டும் எழுதிக் கொடுக்கிறீர்கள். அதை எப்போது எழுப்பவேண்டும் என்று சொல்கிறீர்கள்: இந்த மணிக்கு, அல்லது இன்ன செய்தி வந்தால், அல்லது இந்த இடத்தில் புதுக் கோப்பு விழுந்தால். அந்தத் தருணம் வரும்போது எங்கோ ஒரு தரவு மையத்தில் ஒரு குட்டிக் கணினிச் சூழல் நொடிக்குள் உருவாகி, உங்கள் நிரலை ஓட்டி, வேலை முடிந்ததும் உறங்கிவிடும். அடுத்த அழைப்பு நெடுநேரம் வராவிட்டால் கலைந்துபோகும். ஓடிய நேரத்துக்கு மட்டும் கட்டணம். முதலில் 100 மில்லி விநாடிக்கு ஒரு அலகாகக் கணக்கிட்டார்கள், 2020 டிசம்பரிலிருந்து 1 மில்லி விநாடி. கூகுளும் மைக்ரோசாஃப்ட்டும் 2016இல் இதேபோன்ற சேவைகளைக் கொண்டுவந்தன. இப்படி ஓடும் நிரல்துண்டைத்தான் சர்வர்லெஸ் ஃபங்ஷன் என்கிறார்கள். தொடக்கம் முதலே அதற்குப் பாடமாகச் சொல்லப்படும் வேலை படம் தொடர்பானதுதான்: பெரிய படம் ஒன்று வந்து விழுந்ததும் அதன் சிறு வடிவத்தைத் தயாரித்து வைப்பது.

படங்கள் போய்ச் சேரும் இடம் கிளவுட் ஸ்டோரேஜ். அமேசானின் எஸ்3 சேவை 2006 மார்ச்சிலிருந்து இருக்கிறது. அங்கே ‘பக்கெட்’ என்று ஒன்றைத் திறந்து, ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பெயர் கொடுத்துப் போட்டால், அது ஒரே வட்டாரத்தின் வெவ்வேறு கட்டடங்களில் பிரதிகளாக வைக்கப்படும். ஒரு வட்டு பழுதானாலும், ஒரு கட்டடமே மின்சாரம் இழந்தாலும் கோப்பு தப்பும்.

இப்போது முக்கொம்புக்கு வருவோம். சென்டினல்-2 படங்கள் 100 கிலோமீட்டர் சதுரங்களாக, ஓரம் சற்றுத் தாராளமாக விட்டு, வெட்டி வழங்கப்படுகின்றன. ஒரு சதுரத்தில் 10,980 வரிசை, வரிசைக்கு 10,980 பிக்சல். மொத்தம் 12 கோடிக்கும் மேல். பிக்சலுக்கு 2 பைட் வீதம், ஒரே ஒரு நிறப்பட்டைக்கு மட்டும் 241 மெகாபைட். சென்டினல்-2 பதின்மூன்று பட்டைகளில் பார்க்கிறது. நமக்கு வேண்டியதோ மேலணையைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் நீளம், ஐந்து கிலோமீட்டர் அகலம். அது 500க்கு 500 பிக்சல், அரை மெகாபைட். முழுச் சதுரத்தில் ஏறக்குறைய 480இல் ஒரு பங்கு. அந்த ஒரு பங்குக்காக மீதி 479 பங்கையும் கடல் கடந்து இழுத்துவர வேண்டுமா?

வேண்டியதில்லை. இந்த இடத்தில் இருக்கும் தொழில்நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தமானது. இணையத்தில் ஒரு கோப்பைக் கேட்கும்போது முழுதாகத்தான் கேட்கவேண்டும் என்பதில்லை. ‘இத்தனையாவது பைட்டிலிருந்து இத்தனையாவது பைட் வரை மட்டும் கொடு’ என்று கேட்கலாம். அந்தப் பக்கத்துக் கணினி 206 என்ற எண்ணோடு அந்தப் பகுதியை மட்டும் அனுப்பும். வழக்கமான படக் கோப்பில் இதனால் பயன் குறைவு, ஏனென்றால் முக்கொம்பு எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. ‘கிளவுட் ஆப்டிமைஸ்டு ஜியோடிஃப்’ என்ற கோப்பு வடிவம் அதைத்தான் தீர்க்கிறது. படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் கோப்பில் எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணையைக் கோப்பின் தொடக்கத்திலேயே வைத்துவிடுகிறது. நிரல் முதலில் அட்டவணையை மட்டும் கேட்டு வாங்குகிறது. முக்கொம்பின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொண்டு எந்தக் கட்டங்கள் வேண்டும் என்று கணக்கிடுகிறது. பிறகு அந்த ஒன்றிரண்டு கட்டங்களை மட்டும் கேட்கிறது. சென்டினல்-2 தொகுப்பு இந்த வடிவத்தில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் உள்ள அமேசான் மையத்தில் பொதுப் பயன்பாட்டுக்கு வைக்கப்பட்டிருக்கிறது. எனவே ஃபங்ஷனையும் அதே ஆரிகனில் ஓடவிடுவதுதான் நல்லது. பெரிய கோப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வெட்டி, சிறு துண்டை மட்டும் மும்பை மையத்தில் உள்ள நம் பக்கெட்டுக்கு அனுப்பலாம். தரவு இருக்கும் இடத்துக்கு நிரலை அனுப்புவது மலிவு; நிரல் இருக்கும் இடத்துக்குத் தரவை இழுப்பது செலவு.

ஃபங்ஷன் விழித்ததும் செய்யும் வேலையின் ஓட்டம் இதுதான். படப் பட்டியலில் முக்கொம்பு அடங்கிய புதுக் காட்சி ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்கிறது. இருந்தால் நான்கு பட்டைகளிலிருந்து நம் சதுரத்தை வெட்டி எடுக்கிறது: நீலம், பச்சை, சிவப்பு, அகச்சிவப்பு. எடுத்த கையோடு ஒரு சிறு கணக்கும் போடலாம். தண்ணீர் பச்சை ஒளியை ஓரளவு திருப்பி அனுப்பும், அருகிலுள்ள அகச்சிவப்பைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். மணலும் செடியும் அகச்சிவப்பை அதிகமாகத் திருப்பும். பச்சையிலிருந்து அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது நீர்க்குறியீடு. 1996இல் மெக்ஃபீட்டர்ஸ் என்பவர் முன்வைத்தது. நீரில் இது நேர்மறையாகவும் மணலில் எதிர்மறையாகவும் வரும். கொள்ளிடத்தில் எத்தனை பிக்சல் நீராக இருக்கிறது என்று எண்ணினால், மதகு திறந்ததா இல்லையா என்பது ஓர் எண்ணாகவே கிடைத்துவிடும்.

படத்தைப் போட்டு வைக்கும்போது என்ன பெயர் கொடுப்பது என்பது சிறு விஷயமாகத் தோன்றும். அதில்தான் பல தொகுப்புகள் சீரழிகின்றன. சர்வர்லெஸ் ஏற்பாடுகளில் ஒரே அழைப்பு சில நேரம் இரண்டு முறை வரலாம். ஒருமுறையாவது வரும் என்பதுதான் உறுதி, ஒருமுறை மட்டுமே வரும் என்பது உறுதியில்லை. பெயரில் ஓடிய நேரத்தைச் சேர்த்தால் ஒரே படம் இரண்டு பெயரில் உட்கார்ந்துவிடும். அதற்குப் பதிலாகக் கோப்பின் உள்ளடக்கத்தையே ஷா-256 என்ற கணக்கீட்டில் செலுத்தி, கிடைக்கும் 64 எழுத்துக் குறியைப் பெயராக வைக்கலாம். ஒரு பைட் மாறினாலும் குறி முற்றிலும் மாறிவிடும். அதே படம் எத்தனை முறை வந்தாலும் அதே பெயர்தான். இருபது ஆண்டு கழித்து இந்தப் படத்தை யாராவது மாற்றிவிட்டார்களா என்ற கேள்வி எழுந்தால், மறுபடி கணக்கிட்டுப் பார்த்து ஒரே நொடியில் பதில் சொல்லலாம். நீதிமன்றம் வரை போகக்கூடிய ஆற்றுச் சண்டைகள் உள்ள நாட்டில் இது சாதாரண வசதி அல்ல.

படத்தோடு ஒரு குறிப்புக் கோப்பும் போகவேண்டும். எந்தச் செயற்கைக்கோள், எந்த நாள், எந்த நேரம், எந்த முகவரியிலிருந்து எடுத்தது, எப்போது எடுத்தது, மூலத்தில் எந்தப் பதிப்பு. பதிப்பு எண்ணை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், 2022 ஜனவரி 25 அன்று சென்டினல்-2 தரவின் செயலாக்கப் பதிப்பு 04.00 ஆக மாறியது. அன்றிலிருந்து வரும் மூலக் கோப்புகளில் ஒவ்வொரு பிக்சல் மதிப்போடும் 1,000 கூட்டப்பட்டிருக்கும். பயன்படுத்துவோர் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். கழிக்க மறந்தால் என்ன ஆகும்? ஆற்று நீர் மேல் ஒரு பிக்சலில் பச்சை 800, அகச்சிவப்பு 300 என்று கொள்வோம். குறியீடு 500ஐ 1,100ஆல் வகுக்க, 0.45. ஆயிரம் கூடிய நிலையில் அவை 1,800, 1,300. குறியீடு 500ஐ 3,100ஆல் வகுக்க, 0.16. ‘0.2க்கு மேல் இருந்தால் நீர்’ என்று நம் நிரலில் எழுதியிருந்தால், 2022 ஜனவரியில் கொள்ளிடம் திடீரென்று வறண்டுவிட்டதாகக் கணக்குச் சொல்லும். ஆற்றில் ஒன்றுமே நடக்கவில்லை, கோப்பில் நடந்தது. சில விநியோகத் தொகுப்புகள் இந்தக் கழித்தலைத் தாமே செய்து கொடுக்கின்றன, சில செய்வதில்லை. எந்தக் கோப்பு எந்த வகை என்பது குறிப்பில் இல்லையென்றால் பின்னால் வருபவர் கண்டுபிடிக்கவே முடியாது. படம் மட்டும் தப்பி, அதைப் பற்றிய குறிப்பு தப்பாமல் போனால் பாதிதான் தப்பியது.

தவறு நேரும் இடங்கள் இன்னும் உண்டு. அடிக்கடி நேர்வது இது: முகவரி செத்துப்போயிருக்கும், ஆனால் அந்தத் தளம் ‘காணவில்லை’ என்று ஒரு பக்கத்தை அழகாக அனுப்பும், எல்லாம் சரி என்பதற்கான 200 என்ற எண்ணோடு. கவனமில்லாத நிரல் அந்தப் பக்கத்தைப் படம் என்று பெயரிட்டு வைத்துவிடும். ஆண்டு முடிவில் திறந்து பார்த்தால் நூறு ‘படங்கள்’ இருக்கும், ஒன்றும் தெரியாது. வந்த கோப்பின் முதல் சில பைட்டுகளைப் பார்த்தாலே போதும். ஜேபெக் படம் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட்டுகளோடுதான் தொடங்கும். பிஎன்ஜிக்கும் டிஃப்புக்கும் அதனதற்கான அடையாளம் உண்டு. அது பொருந்தாவிட்டால் சேமிக்காமல், தோற்றவற்றுக்கான தனி வரிசையில் போட்டுவிட வேண்டும். மனிதர் ஒருவர் பார்த்துக்கொள்வார்.

இன்னொரு பிழை பணப்பையைக் கடிக்கும். பக்கெட்டில் கோப்பு விழுந்தால் எழும்படி ஒரு ஃபங்ஷனை அமைத்துவிட்டு, அது தன் விளைவையும் அதே பக்கெட்டில் எழுதினால், தான் எழுதியதே தன்னை எழுப்பும். சிறுபடத்துக்குச் சிறுபடம், அதற்கும் ஒரு சிறுபடம் என்று யாராவது நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே வருவதற்கு ஒரு பக்கெட், வெளியே போவதற்கு இன்னொன்று என்று முதல் நாளே பிரித்துவிடுவது நல்லது.

மிகக் கவனமாக இருக்கவேண்டியது பாதுகாப்பில். ‘எந்த முகவரியைக் கொடுத்தாலும் போய் எடுத்து வரும்’ என்று ஒரு ஃபங்ஷனை எழுதிப் பொதுவில் திறந்துவைத்தால், கெட்ட எண்ணம் கொண்டவர் அதனிடம் வெளி முகவரியைக் கொடுக்க மாட்டார், உள் முகவரியைக் கொடுப்பார். கிளவுட் கணினிகளில் 169.254.169.254 என்ற முகவரியில், அந்தக் கணினிக்கு மட்டும் தெரியவேண்டிய தற்காலிகச் சாவிகள் கிடைக்கும். வெளியிலிருந்து யாரும் அங்கே போக முடியாது. உள்ளே ஓடும் நிரலை ஏவினால் அது போகும். 2019இல் அமெரிக்காவின் கேப்பிடல் ஒன் வங்கியில் 10 கோடிக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் திருடப்பட்டது இந்த வழியில்தான். ஆகவே எந்தெந்தத் தளங்களிலிருந்து எடுக்கலாம் என்ற பட்டியல் ஃபங்ஷனுக்குள்ளேயே இருக்கவேண்டும். பட்டியலில் இல்லாததைத் தொடக்கூடாது. அதற்குக் கொடுக்கும் அனுமதியும் ஒரே பக்கெட்டில் எழுதுவதற்கு மட்டும். அழிக்கும் அதிகாரம் வேண்டாம்.

செலவைக் கேட்டால் பலர் நம்புவதில்லை. ஐந்து நாளைக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 73 காட்சிகள். காட்சிக்கு நான்கு பட்டை, பட்டைக்கு அரை மெகாபைட், ஆக 2 மெகாபைட். ஆண்டுக்கு 146 மெகாபைட். சென்டினல்-2ஏ 2015 ஜூனிலும் 2பி 2017 மார்ச்சிலும் ஏவப்பட்டன. அன்றிலிருந்து இன்றுவரை எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒன்றரை கிகாபைட்டைச் சுற்றித்தான் வரும். அதை எஸ்3இல் வைக்க மாதம் ஐந்து ரூபாய்கூட ஆகாது. ஃபங்ஷன் ஓடும் செலவு இலவச வரம்புக்குள் அடங்கிவிடும்; லாம்டாவில் மாதத்துக்கு 10 லட்சம் அழைப்புகள் வரை இலவசம். ஓர் அரசுக் கல்லூரியின் புவியியல் துறையோ, ஒரு பாசன விவசாயிகள் சங்கமோ தன் ஆற்றுக்குத் தானே படத் தொகுப்பு வைத்துக்கொள்ளப் பணம் இனி தடையல்ல. 1980களில் ஒரு லேண்ட்சாட் காட்சிக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கேட்டார்கள். 2008இல் அமெரிக்க நிலவியல் ஆய்வகம் அந்தத் தொகுப்பு முழுவதையும் இலவசமாகத் திறந்துவிட்டது. அதற்கு முன் அதிகம் விற்ற ஆண்டான 2001இலேயே உலகம் முழுக்கப் போனவை ஏறத்தாழ 25,000 காட்சிகள்தான். திறந்த பிறகு பதிவிறக்கம் லட்சக்கணக்கில் போனது. நம் நாட்டு ரிசோர்ஸ்சாட் படங்களையும் ஹைதராபாத் தேசியத் தொலையுணர்வு மையம் ‘பூநிதி’ தளத்தில் கொடுக்கிறது. அதன் லிஸ்-3 கேமராவில் பிக்சலுக்கு 23.5 மீட்டர்.

ஒளியால் எடுக்கும் படங்களுக்கு ஒரு குறை உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் முக்கொம்பின் மேல் மேகம் கவிந்தால் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது. பார்த்தே ஆகவேண்டிய நாள்களும் அவைதான். சென்டினல்-1 செயற்கைக்கோள் ரேடார் அலைகளை அனுப்பி எதிரொலியைப் பதிவு செய்கிறது. மேகமும் இருட்டும் அதற்குப் பொருட்டல்ல. சலனமற்ற நீர்ப்பரப்பு அலைகளை வேறு பக்கம் தள்ளிவிடுவதால் படத்தில் கறுப்பாக விழும். காற்றில் அலையடிக்கும் நீரும், உலர்ந்து வழவழப்பாகக் கிடக்கும் மணலும் குழப்பத்தை உண்டாக்கும். கொள்ளிடத்தில் பின்னதுதான் பெரிய சிக்கல், ஏனென்றால் உலர்மணலும் ரேடாரில் கறுப்பாகவே தெரியும். அதனால் ரேடார் படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், மேகமற்ற நாளின் ஒளிப்படத்தோடு ஒப்பிடவேண்டும். இரண்டும் ஒரே பக்கெட்டில், ஒரே சதுரமாக, தேதி வரிசையில் இருந்தால்தான் அது முடியும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நைசார், இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்தது, 12 நாளைக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பும். அதிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 80 டெராபைட் தரவு வரும் என்பதால், நாசா அதை முதலிலிருந்தே கிளவுடில் வைக்கத் திட்டமிட்டது. யாரும் அதை வீட்டுக்கு இறக்கிக்கொண்டு போக முடியாது. தரவின் பக்கத்தில் நிரலை ஓடவிட்டு, வேண்டியதை வெட்டி எடுப்பதுதான் வழி.

விண்ணிலிருந்து பத்து மீட்டர்தான் தெரியும். மதகின் விரிசலோ, கரையின் அரிப்போ தெரியவேண்டுமென்றால் தரையில் நிற்பவர் எடுத்த படம் வேண்டும். ஜீயபுரம், வாத்தலை, முக்கொம்புப் பூங்காவுக்கு வருபவர்கள் என்று எத்தனையோ பேர் கைபேசியில் வெள்ளத்தை எடுத்திருக்கிறார்கள். அவற்றையும் அதே ஃபங்ஷன் அதே பக்கெட்டில் சேர்க்கலாம், ஒரு நிபந்தனையோடு. சென்டினல் படங்களை யாரும் மூலத்தைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம், லேண்ட்சாட் பொதுச் சொத்து. தனியாள் எடுத்த படம் அப்படியல்ல. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் புகைப்படத்துக்கு, எடுத்தவரின் வாழ்நாள் முழுதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டும் உரிமை தருகிறது. எடுத்தவரின் ஒப்புதல் குறிப்புக் கோப்பில் இருக்கவேண்டும், ஒப்புதல் இல்லாததை ஃபங்ஷன் ஏற்கக்கூடாது. அவர் படத்தை எப்படி அனுப்புகிறார் என்பதும் முக்கியம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடுவதோடு, கேமரா உள்ளே பதித்த நேரமும் இடமும் நீங்கிவிடும். அதே கோப்பை ‘டாக்குமென்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்பச் சொன்னால், எடுத்த நிமிடமும் நின்ற இடமும் படத்தோடே பக்கெட்டுக்கு வந்து சேரும். அந்த நாளையொட்டி எடுத்த செயற்கைக்கோள் படத்தில் அவர் நின்ற பிக்சலையே காட்டிவிடலாம்.